அத்தை வீட்டு வழியாக டொரன்டோ

விமானப் புள்ளிகள் சேர்த்து டிக்கெட் எடுக்கிறவர்கள் யாரைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “வழியில யாராவது இருக்காங்களா?” என்பதுதான். பெரும்பாலும் இருப்பார்கள். சிங்கப்பூரில் சித்தப்பா, கோலாலம்பூரில் பெரியம்மா மகள், லண்டனில் கூடப் படித்தவள். அவர்கள் ஊர் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு காபி குடித்து, ‘உங்க ஊர்லதான் இருக்கேன்’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறோம். அதே டிக்கெட்டில் இறங்கி, நாலு நாள் அவர்கள் வீட்டில் தங்கிவிட்டு, அப்புறம் மீதிப் பயணத்தைத் தொடரலாம் என்பதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. நான் அதைத் தேடிப் போனதற்கு அப்பா போகிறபோக்கில் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்.

எங்கள் ஊர் இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். புதுச்சேரியிலிருந்து வடக்கே வந்தால் தரை செம்மண்ணாக மாறி மேடேறும். முந்திரித் தோப்பு, பனை, நடுநடுவே மழை அரித்த பள்ளங்கள். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி பக்கத்தில் ஆரோவில் என்ற பன்னாட்டு நகரத்தின் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டபோது, சுற்றி நின்று வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களில் அப்பாவும் ஒருவர். அப்போது அவருக்கு இருபது வயது நிறையவில்லை. இன்றைக்கு எங்கள் தெருவில் பிரெஞ்சுக்காரர்கள் மொபெட்டில் போய்க் காய்கறி வாங்குகிறார்கள். அப்பாவுக்கு அவர்கள் புதிதில்லை. டீக்கடையில் “சவா?” (சௌக்கியமா?) என்று கேட்டு “சவா” என்று பதில் வாங்கும் அளவுக்குப் பழக்கம்.

முந்திரியை நம்பி மட்டும் எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. அப்பா மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டினார். முதலில் கிளீனர், பிறகு டிரைவர். ஈசிஆரில் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டும்போது சாலையோரப் பாத்திகளையும் வெள்ளைக் குவியல்களையும் பார்த்திருப்பார்கள். தை பிறந்ததும் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தித் தண்ணீர் கட்டுவார்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் கடுத்து அடியில் உப்பு பூக்கும். நீளக் கம்பு போட்ட பலகையால் அதை வாரி வரப்பில் குவித்து, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் குவியல்களுக்குக் கீற்று போர்த்திவிட்டால் அந்த வருடத்து வேலை முடிந்தது. அப்பா அந்த உப்பை ஏற்றிக்கொண்டு திண்டிவனம், வேலூர் என்று அலைந்தார். அவருடைய விரல் கணுக்களில் உப்பு அறுத்த வெடிப்புகள் இன்னும் ஆறாமல் இருக்கின்றன.

2023இல் அவரை என்னிடம் டொரன்டோவுக்கு அழைத்து வர முடிவு செய்தேன். கனடா 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசா, பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் உரியது. குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும். அதெல்லாம் முடிந்து விசாவும் வந்துவிட்டது. கடன் அட்டையிலும் பயணங்களிலும் சேர்ந்திருந்த ஏர் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகளை வைத்து எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தேன். சென்னை, ஃபிராங்க்பர்ட், டொரன்டோ. முந்திரிப் பருவம் முடிந்து ஜூனில் புறப்பாடு.

அன்றைக்கு வீடியோவில் அப்பாவுக்கு வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஜெர்மனிக்குப் பக்கத்துலதான பிரான்சு? அப்ப அக்கா வூட்டாண்ட வந்துதான் போறமா?”

“பக்கம்தாம்பா.”

“சரி, சரி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் முந்திரிக்கு விலை விழுந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

பிரான்சில் இருக்கும் அந்த அக்கா, என் அத்தை, அப்பாவுக்கு ஏழு வயது மூத்தவர். பாட்டி சீக்கிரம் இறந்துவிட்டதால் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அவர்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஒரு தேச எல்லையே இருந்தது. இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பிரெஞ்சு. காய்கறி விற்கப் போகிறவர்கள்கூடச் சுங்கக்காரர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறியது. சட்டப்படி முடிய இன்னும் எட்டு வருடம் பிடித்தது. 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962இல்தான் ஏற்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அதில் ஓர் ஏற்பாடு.

அத்தைக்கு அதற்கு முந்தைய வருடம்தான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அல்ஜீரியாவுக்குப் போய் வந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். சில வருடங்களில் அத்தையும் அவர் பின்னால் கப்பல் ஏறினார். ஒரு கையெழுத்து ஒரே குடும்பத்தை இரண்டு தேசத்தில் உட்கார வைத்துவிட்டது. புதுச்சேரி வட்டாரத்தில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு. இதைப் பெரிய சோகமாகவும் யாரும் சொல்வதில்லை. பென்ஷன் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்குக் கடற்கரையில் விளக்கு எரிந்தது. ஆனாலும் அக்காவை ஒரு பக்கமும் தம்பியை ஒரு பக்கமும் வைத்துவிட்டுக் காலம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அத்தை பெட்டி நிறையச் சாக்லெட்டோடும் சென்ட் பாட்டிலோடும் வருவார். அம்மா இறந்தபோது வந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு முட்டி தேய்ந்தது, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள், நெடும்பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தே ஐரோப்பா வழியாக அவரைக் கூட்டிப் போகிறேன், அத்தை வீட்டிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் இருக்கும் விமான நிலையத்தில் இறங்கி ஏறப்போகிறோம். அப்பா கேட்டது கேள்வி. அதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்வது என் வேலை. அன்று இரவே உட்கார்ந்து விதிகளைப் படித்தேன்.

வெளிநாட்டுப் பயணத்தில் ஓர் ஊரில் இறங்கி 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது வெறும் மாறுதல், கனெக்‌ஷன். அதைத் தாண்டினால் ஸ்டாப்ஓவர். காகித டிக்கெட் காலத்தில் முழுக் கட்டணம் கட்டியவர்களுக்கு இது சாதாரணம். இரண்டு ஊர்களுக்கு நடுவே இத்தனை மைல் வரை பறக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அதற்குள் வழியில் உள்ள ஊர்களில் இறங்கி இறங்கிப் போகலாம். மலிவு டிக்கெட்டுகள் வர வர அந்தச் சலுகையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். அது மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்று இந்தப் புள்ளி டிக்கெட்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தன் புள்ளித் திட்டத்தைத் தொடங்கி மூன்று வருடம் ஆன பிறகு ஏரோபிளான் வந்தது. 2020 நவம்பரில் ஏரோபிளானைப் புதுப்பித்தபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒருவழி டிக்கெட்டிலேயே, ஆளுக்கு 5,000 புள்ளி கூடக் கொடுத்தால், வழியில் ஓர் ஊரில் தங்கிப் போகலாம். 45 நாள் வரை தங்கலாம். அந்த ஊர் கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றக் கம்பெனிகளில் விதி வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் சேவர் வகையில் போக வர எடுத்தால் ஒரு தங்கல் இலவசம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஊருக்கு வரும் தமிழர்கள் சிங்கப்பூர் சொந்தங்களைப் பார்க்க இதைப் பயன்படுத்தலாம். விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள் என்பதால் டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

புள்ளி இருந்தால் மட்டும் போதாது, இடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்திலும் புள்ளிக்காரர்களுக்கென்று கொஞ்சம் இடங்களைத்தான் திறந்துவிடுவார்கள். லுஃப்தான்சா போன்ற கூட்டாளிக் கம்பெனி விமானத்தில் சாதாரண வகுப்பு என்றால் எக்ஸ் என்ற எழுத்தில் அந்த இடங்கள் இருக்கும். முன்பே எடுத்த டிக்கெட்டில் நிறுத்தத்தைச் சேர்க்க வேண்டுமானால் தொலைபேசியில் பேசுவது நல்லது. பேசுவதற்கு முன்னால், ஒரு தாளில் நமக்கு வேண்டிய விமான எண்களையும் தேதிகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: பழைய டிக்கெட்டில் கை வைக்காதீர்கள், புது இடங்களைப் பிடித்த பிறகு மாற்றுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு, பழையதும் போய்ப் புதியதும் கிடைக்காமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபிராங்க்பர்ட்டிலேயே நிறுத்திக்கொண்டு ரயிலில் பாரிஸ் போய் வரலாமா என்றும் யோசித்தேன். எழுபத்து நாலு வயதுக்காரரைப் பெட்டிகளோடு இரண்டு முறை ரயிலேற்றி இறக்க மனம் வரவில்லை. பாரிஸிலிருந்தே டொரன்டோவுக்கு ஏர் கனடா நேராகப் பறக்கிறது. எனவே சென்னை, ஃபிராங்க்பர்ட், பாரிஸ், அங்கே தங்கல், பிறகு டொரன்டோ என்று எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன்.

எடுத்த பெண் பொறுமைசாலி. பாரிஸில் என்ன விசேஷம் என்று கேட்டார். அப்பாவின் அக்கா என்றேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து பாரிஸுக்கு இடம் இருந்தது. நான் கேட்ட தேதியில் பாரிஸிலிருந்து டொரன்டோவுக்கு ஒரே ஓர் இடம்தான். மறுநாளும் அப்படியே. “நாலு நாள் தள்ளிப் போனால் இரண்டு இடம் இருக்கிறது. மூன்று ராத்திரிக்குப் பதில் ஒரு வாரம் ஆகிவிடும், பரவாயில்லையா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தத் தயக்கத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆளுக்கு 5,000 புள்ளி, மாற்றுக் கட்டணம், கூடவே கொஞ்சம் வரி. 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் அந்த நாட்டிலிருந்து புறப்படும் பயணிக்கான வரியும் நம் தலையில் சேரும். பிரான்சில் 2006 முதல் விமான டிக்கெட்டில் ஒரு வரி வாங்கி, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு ஏழை நாடுகளில் மருந்து கிடைக்கச் செய்யும் அமைப்புக்கும் கொடுத்துவந்தார்கள். அந்தப் பணத்தைக் கட்டும்போது எனக்கு முழு மனச் சம்மதம்.

டிக்கெட் மாறியது, காகித வேலை கூடியது. கனடா விசா வைத்திருந்தாலும் விமான நிலையத்துக்கு வெளியே கால் வைக்க ஷெங்கன் விசா வேண்டும். தங்கப்போவது பிரான்சில் என்பதால் பிரான்சிடம்தான் கேட்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அந்த ஊர் நகராட்சியில் வீட்டுக்காரர் நேரில் போய், வீட்டுப் பத்திரமும் வருமானச் சான்றும் காட்டி, 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி, ‘இன்னாரை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்க வேண்டும். தானே போவதாக அத்தை மகள் சொல்லியிருக்கிறாள். அத்தை விடவில்லை. வீடு அவர் பேரில் இருக்கிறது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நகராட்சிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். அந்தச் சான்றின் நகலை எனக்கு அனுப்பினார்கள். அடியில் பிரெஞ்சு எழுத்தில் நடுங்கிய ஒரு கையெழுத்து. திண்ணைப் பள்ளிக்கூடத்தைக்கூடத் தாண்டாத அத்தை எழுதப் பழகியது அந்த ஒரு கையெழுத்தைத்தான்.

புறப்படும் நாளில் பெட்டி கட்டியது பெரிய பஞ்சாயத்து. அப்பா வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கட்டுக் கறிவேப்பிலை பறித்து வைத்திருந்தார். சான்றிதழ் இல்லாமல் பச்சை இலை, தழைகளைப் பயணிகள் ஐரோப்பாவுக்குள் கொண்டுவர 2019 டிசம்பரிலிருந்து தடை இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி அதை வெளியே வைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. “அப்ப உப்பு?” என்றார். உப்புக்குத் தடையில்லை. மரக்காணத்துக் கல்லுப்பு, வெள்ளைத் துணிப்பையில் இரண்டு கிலோ, வாயைக் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். வறுத்த முந்திரியும் வத்தலும் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

சென்னையில் நடுநிசி தாண்டி விமானம். பெட்டிக்கு ஒட்டிய சீட்டில் பாரிஸ் என்று இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்துக்கொண்டேன். ஸ்டாப்ஓவர் எடுத்தவர்கள் இதைப் பார்க்கத் தவறக் கூடாது, பெட்டி நம்மை விட்டுவிட்டு டொரன்டோவுக்குப் போய்விட்டால் வாரம் முழுக்க ஒரே சட்டைதான். ஷெங்கனுக்குள் நுழையும் முதல் வாசல் ஃபிராங்க்பர்ட் என்பதால் முத்திரை குத்தியது ஜெர்மன் அதிகாரி. எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “பாரிஸ். அக்கா” என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். “சிஸ்டர்” என்றேன். நகராட்சிச் சான்றைப் புரட்டிவிட்டுக் குத்தி அனுப்பினார்.

அத்தை வீடு பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில். அடுக்குமாடியில் இரண்டாவது தளம். புதுச்சேரிக் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. படிக்கட்டிலேயே வெங்காய வடகம் தாளிக்கும் வாசனை வந்தது. வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் விளக்கெண்ணெயில் பிசைந்து வெயிலில் காயவைத்த நம் வடகத்தைத்தான் பெரிய பிரெஞ்சு சமையற்காரர்கள் வடுவான் என்ற பெயரில் பொடியாக வாங்கி மீன் மேல் தூவுகிறார்கள். அத்தை இன்னமும் பால்கனியில் உருண்டை பிடித்துக் காயவைக்கிறார்.

கதவு திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை, முடியவில்லை. அப்பா குனிந்து காலைத் தொட்டார். அத்தை அவர் கையைப் பிடித்துத் திருப்பி விரல் கணுக்களைத் தடவிப் பார்த்தார்.

“என்னாடா இப்பிடிக் கெழவனா பூட்ட?”

“நீ மட்டும் கொமரியாவா இருக்கற?”

இருவரும் சிரித்தார்கள். அத்தை மகள் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பெட்டியைத் திறக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் அவர்கள் பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியாத ஆட்களைப் பற்றியது. இறந்தவர்கள், தோப்பை விற்றவர்கள், யார் கிணற்றில் யார் விழுந்தார்கள். ஒன்று மட்டும் நான் மறக்கப்போவதில்லை. எல்லை இருந்த காலத்தில் பிரெஞ்சுப் பக்கம் வரி இல்லாத துறைமுகம், சாமான் மலிவு. சின்ன வயதில் அத்தை அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்தியால்பேட்டைப் பெரியம்மா வீட்டுக்குப் போய் வருவாராம். திரும்பும்போது பெரியம்மா, குழந்தையைச் சுற்றிய துணிக்குள் வாசனை சோப்பையும் துணித் துண்டையும் வைத்துக் கட்டிவிடுவார். சுங்கக்காரர் கிட்டே வந்தால் அத்தை குழந்தையின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவார். அழுகிற பிள்ளையை யார் சோதிப்பார்கள்? எழுபது வருடம் கழித்து அப்பா இதை முதல் முறையாகக் கேட்கிறார். “அதான் எனக்கு அந்த ரோட்டுல போனாவே தொடை வலிக்குதா?” என்றார். அத்தைக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். சொல்லியிருக்க மாட்டார்கள். எதிரெதிரே மணிக்கணக்காக உட்கார்ந்து, பேச ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் இப்படிப்பட்ட நினைவுகள் மேலே வரும். மூன்று ராத்திரியோடு கிளம்பியிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது. அத்தை இதைச் சொன்னது ஐந்தாம் நாள்.

ஜூன் மாதத்துப் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. அப்பா பால்கனியில் நின்று அதைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். “வெயில் நேரம் ஜாஸ்தி, ஆனா சூடு பத்தாது. இதுல எப்பிடி உப்பு பூக்கும்?” என்றார். அந்தக் கேள்வியோடு சமையலறைக்குள் போனவர் அத்தையின் உப்பு டப்பாவைத் திறந்துவிட்டார். சாம்பல் நிறம், தொட்டால் ஈரம். பிரான்சின் மேற்குக் கடற்கரையில் கெராண்டு என்ற ஊரில் விளையும் உப்பு அது. அத்தையின் பேரன் தன் செல்பேசியில் அந்த உப்பளத்தைக் காட்டினான். களிமண் பாத்திகள், நடுவில் ஒற்றையடி வரப்பு, நீளக் கம்பில் பலகை கட்டி ஓர் ஆள் வாரிக்கொண்டிருக்கிறார். இயந்திரம் கிடையாது. பல நூறு வருடங்களாக அப்படித்தானாம்.

அப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். மறுபடி ஓட்டச் சொன்னார். “கம்பு நம்மளுதைவிட நீளம். வரப்பு மேலயே நின்னு வார்றான், பாத்திக்குள்ள கால வெக்கல பாரு. அடிமண்ணு சேந்து வருது, அதான் இந்தக் கலரு. ஆளு தெரிஞ்சவன்.” என் தந்தை ஒரு வெளிநாட்டுக்காரரை இப்படி மனதாரப் பாராட்டி நான் கேட்டதில்லை. பேரன், கிலோ இத்தனை யூரோ என்று விலையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. மரக்காணத்தில் மூட்டைக் கணக்கில் கிடைக்கும் விலை அவருக்குத் தெரியும். உச்சி வெயிலில் கால் வெடித்து உப்பு வாருகிறவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதும் தெரியும். கையால் வாரிய உப்பு என்பதற்காகவே ஒரு ஊரில் அதற்கு மரியாதையும் விலையும் கூடுகிறது, எங்கள் கடற்கரையில் அதே வேலைக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. இந்த எண்ணம் அன்றிலிருந்து என்னையும் விடவில்லை.

துணிப்பையின் தையலைப் பிரித்து அத்தை ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டார். பேஸ்மேக்கர், ரத்த அழுத்தம் என்று மகள் சத்தம் போட்டாள். மறுநாள் அந்த உப்பில் எலுமிச்சை ஊறுகாய் போட்டாகிவிட்டது.

ஊர் சுற்றியது கொஞ்சம்தான். லா ஷாப்பெல் பக்கம் ஈழத் தமிழர்களின் கடைத்தெருவில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் பார்த்து அப்பா விலை விசாரித்தார். ஐஃபல் கோபுரத்தைக் காரில் இருந்தபடியே பார்த்துத் தலையாட்டினார். ஆனால் லூவர் அருகே ஒரு சதுக்கத்தில் தங்க முலாம் பூசிய, குதிரை மேல் கொடியோடு உட்கார்ந்திருக்கும் பெண் சிலையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்). புதுச்சேரியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே தோட்டத்துக்குள் நிற்பவர். “நம்ம ஊரு அம்மா! இங்க குதுர குடுத்திருக்கானுவ!” என்று சந்தோஷப்பட்டு, அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார். பாரிஸில் அவர் கேட்டு எடுத்துக்கொண்ட ஒரே படம் அது.

புறப்படும் காலையில் அத்தை வாசல்வரை வந்தார். ஊறுகாய் பாட்டிலை மூன்று பை போட்டுச் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார். “மருவாதியா திரும்பிப் போறப்பவும் எறங்கிட்டுப் போ” என்றார்.

அக்டோபரில், மழைக்கு முன்னால், அப்பா ஊர் திரும்ப வேண்டும். ஷெங்கன் விசாவில் பல முறை நுழையலாம் என்று இருந்தது. அதன் ஆறு மாதக் கெடுவும் முடியவில்லை. டொரன்டோவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து திரும்பும் டிக்கெட்டைத் தேடினேன். பாரிஸ் வரை இரண்டு இடம், பன்னிரண்டு நாள் கழித்து ஃபிராங்க்பர்ட் வழியாகச் சென்னைக்கு இரண்டு இடம். மறுபடியும் ஆளுக்கு 5,000. தேதிகளைப் படித்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“நாப்பத்தஞ்சு நாள் வரைக்கும் வுடுவான்னு சொன்னியே?”